அத்தையின் அலமாரியும் ஒரு லேப்டாப்பும்: வீட்டு நூலகத்தை கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாங்கியாச்சு, இதுல முதல்ல என்ன செய்யலாம்?" என்பதுதான் அது. சினிமா பார்க்கலாம், மின் கட்டணம் கட்டலாம், வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் முகம் பார்த்துப் பேசலாம் என்று நாமும் வழக்கமான பதிலைச் சொல்லிவிடுவோம். என் அத்தை லேப்டாப் வாங்கியபோது அவருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். ஆனால் அவர் வீட்டில் லேப்டாப்புக்கு வேறு ஒரு வேலை காத்திருந்தது. அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் ஒரு புத்தக அலமாரி இருந்தால் இது உங்களுக்கும் பயன்படும்.

வாலாஜாபாத் அருகே உள்ள தென்னேரிதான் எங்கள் ஊர். திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். பெரிய ஏரி, பழைய கோவில்கள், சில வீடுகளில் இன்றும் பட்டுத் தறி. அத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். காஞ்சிபுரத்திலிருந்து பாவு வாங்கி வந்து வீட்டிலேயே நெய்வார். சாயங்காலம் தறியை விட்டு இறங்கியதும் கையில் எடுப்பது நாவல். லக்ஷ்மி, சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன், எல்லாருக்கும் மேலாக ரமணிசந்திரன். மாத நாவல்கள், பதிப்பகப் புத்தகங்கள், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்த பைண்டிங் புத்தகங்கள் என்று மூன்று அலமாரி நிறைய வைத்திருந்தார்.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

என் அத்தை மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டின் முன்கூடத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு இன்டீரியர் டிசைனரை அழைத்து வந்தார்கள். அவர் அலமாரிகளைப் பார்த்ததும் மகிழ்ந்து போனார். "இதை அப்படியே ஒரு புக் வால் ஆக்கிடலாம். ஆனா முதுகு எல்லாம் ஆளுக்கு ஒரு கலர்ல இருக்கு. ஒரே கலர் புத்தகங்களை மட்டும் வெச்சுக்கலாம். இல்லேன்னா முதுகை உள்பக்கமாகத் திருப்பி வெச்சா எல்லாம் கிரீம் கலரா அழகா இருக்கும்" என்றார்.

அத்தை ஒரே வரியில் பதில் சொன்னார்: "புடவையை உள்பக்கம் திருப்பி யாராவது கட்டுவாங்களா?"

டிசைனர் சொன்னது அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. புத்தகத்தை அலங்காரப் பொருளாக விற்பது உலகம் முழுவதும் நடக்கும் வியாபாரம். நியூயார்க்கில் உள்ள ஸ்ட்ராண்ட் என்ற பெரிய புத்தகக் கடை, 1986 முதல் புத்தகங்களை அடிக் கணக்கில் அளந்து தருகிறது. எந்த நிறம், எத்தனை அடி என்று சொன்னால் போதும். ஓட்டல்களும் சினிமா செட் போடுபவர்களும் வாங்குகிறார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வீடியோவில் பேச ஆரம்பித்தபோது, முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரிவது ஒரு பெருமை ஆயிற்று. யார் அலமாரியில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதுவதற்கென்றே ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கப்பட்டது.

இதை எல்லாப் புத்தகப் பிரியர்களும் வெறுக்கிறார்களா என்றால், இல்லை. சோழிங்கநல்லூரில் என்னுடன் வேலை செய்யும் நண்பர் தன் பிளாட்டில் நிறம் வாரியாகத்தான் புத்தகம் அடுக்கியிருக்கிறார். "பார்க்க அழகா இருக்கிறதாலதான் என் பொண்ணு கிட்ட போனா. கிட்ட போனதாலதான் ஒண்ணை இழுத்துப் படிச்சா. பரண் மேல மூட்டையா கட்டி வெச்சிருந்தா தொட்டிருப்பாளா?" என்பது அவர் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து அலங்கரிக்கும் நமக்கு இது புதிதும் அல்ல. ஒரே வித்தியாசம், நாம் மறுநாள் அதில் ஒன்றைப் பிரித்துப் படித்தாக வேண்டும்!

அத்தைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அவர் இளம் வயதில் இந்த நாவல்களுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு, தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தவர். காதல் கதை படிக்கிறாள் என்று பெரியவர்கள் திட்டுவார்கள். கல்யாணத்திற்குப் பிறகு, சொந்தச் சம்பாத்தியத்தில் முதல் அலமாரி வாங்கியபோதுதான் அந்தச் செய்தித்தாள் அட்டைகளைக் கழற்றினாராம். "வெளியே தெரியட்டும்னுதான்டா அலமாரியில கண்ணாடிக் கதவு போட்டேன். இப்ப மறுபடி திருப்பி வைக்கச் சொல்றாங்க" என்றார். இதைக் கேட்ட பிறகு, அடுக்கி வைப்பதைப் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. கூடத்தில் ஒரு அலமாரி மட்டும் இருக்கும், முதுகு வெளியே தெரியும்படி. மற்ற இரண்டும் போக வேண்டும். "எல்லாத்தையும் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் போட்டுவிடலாம் அத்தை. அப்புறம் பேப்பர் எதற்கு?" என்று நான் வாக்குக் கொடுத்தேன். சாப்ட்வேர் என்ஜினியர் அல்லவா!

நான் செய்த தவறு

வேகமாக ஸ்கேன் செய்ய ஒரு வழி உண்டு. புத்தகத்தின் முதுகை பேப்பர் கட்டரில் வெட்டி எடுத்துவிட்டால் தாள்கள் தனித்தனியாகிவிடும். அவற்றை ஷீட் பீடர் உள்ள ஸ்கேனரில் அடுக்கினால், அதுவே ஒவ்வொன்றாக இழுத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடும். நண்பரிடம் ஸ்கேனரைக் கடன் வாங்கி வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனைக்காக ஒரு பைண்டிங் புத்தகத்தை எடுத்துச் சென்று வெட்டினேன். 1980-களில் வார இதழில் வந்த ஒரு தொடர்கதை. அரை மணி நேரத்தில் மொத்தப் புத்தகமும் பிடிஎப் ஆகிவிட்டது. பெருமையாக அத்தையிடம் காட்டினேன்.

அவர் கதையைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கச் சொன்னார். "இங்க எழுதியிருந்தேனே, எங்கே?" என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வார அத்தியாயத்தையும் படித்து முடித்ததும் அன்றைய தேதியையும், அன்று தறியில் எத்தனை முழம் ஓடியது என்பதையும் பென்சிலில் எழுதி வைப்பது அவர் வழக்கம். வெளி ஓரத்தில் எழுதினால் பைண்டர் சமமாக வெட்டும்போது போய்விடும் என்று, பத்திரமாக உள் ஓரத்தில், தையலை ஒட்டி எழுதியிருக்கிறார். அந்தப் பத்திரமான இடத்தைத்தான் நான் வெட்டி எறிந்துவிட்டேன். தைத்திருந்த நூல் கூட பட்டு நூல். தறியில் மிஞ்சியதை அத்தையே பைண்டரிடம் கொடுத்தது.

ஓடிப்போய் கடையில் பார்த்தேன். வெட்டிய துண்டுகள் குப்பையோடு போயிருந்தன. சில தாள்களில் பாதி எண்கள் மட்டும் மிஞ்சின. "முக்கால் மு" என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அத்தை திட்டவில்லை. "சரி விடு. மீதி நாப்பது இருக்கு. அதுல கத்தி வைக்காதே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எனவே முதல் பாடம்: ஒரு புத்தகத்தை வெட்டுவதற்கு முன், அதில் அச்சடித்த எழுத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். பழைய வார இதழ்ப் பக்கங்கள் என்றால் கதைக்குப் பின்பக்கம் உள்ள விளம்பரங்கள், மணியம், மாருதி, ஜெயராஜ் போன்ற ஓவியர்களின் படங்கள், யாரோ எழுதிய குறிப்பு எல்லாமே திரும்பக் கிடைக்காதவை. கதை மறுபதிப்பில் கிடைக்கும். இவை கிடைக்காது.

முதல் வேலை: பட்டியல்

ஸ்கேன் செய்வதற்கு முன் செய்ய வேண்டியது பட்டியல். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். அத்தைக்கு டைப் செய்யத் தெரியாது. ஆனால் பேசத் தெரியும் அல்லவா? நாங்கள் செய்தது இதுதான்.

1. குரோம் பிரவுசரைத் திறந்து, உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்து, கூகுள் டாக்ஸில் ஒரு புதிய பைலைத் திறக்கவும்.

2. மேலே உள்ள டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் என்பதைக் கிளிக் செய்யவும். ஒரு மைக் படம் தோன்றும். அதன் மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுக்கவும்.

3. மைக்கைக் கிளிக் செய்துவிட்டுப் பேசவும். புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், எந்த அலமாரி என்று வரிசையாகச் சொல்லவும். ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் என்டர் கீயைத் தட்டவும்.

4. எல்லாம் முடிந்ததும் மொத்தத்தையும் காப்பி செய்து, எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் பேஸ்ட் செய்யவும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கட்டத்தில் விழும். பிறகு ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, இடம் என்று தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் சில பெயர்களைத் தவறாகக் கேட்கும். அவற்றைத் திருத்த தமிழ் கீ போர்ட் வேண்டும். விண்டோஸ் 11-ல் இதற்காகத் தனி சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று சென்று, ஆட் எ லாங்குவேஜ் என்பதில் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் 99 கீ போர்டும் அதில் கிடைக்கும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறி மாறிச் செல்லலாம்.

அத்தை சொல்லச் சொல்ல திரையில் எழுத்து ஓடியதைப் பார்த்தபோது எனக்கு வை.மு. கோதைநாயகி அம்மாள் நினைவுக்கு வந்தார். பள்ளிக்குச் சென்று படிக்காத அவர், தன் முதல் படைப்பைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுத வைத்தவர். பிறகு 1925 முதல் ஜகன்மோகினி என்ற இதழைத் தானே நடத்தி, அதில் தொடர்கதைகள் எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை வெளியிட்டார். இன்று பெண்கள் தாங்களே எழுதி, தாங்களே இண்டர்நெட்டில் வெளியிடுகிறார்கள் என்று வியக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டியவர் அவர்.

நான்கு மாலை நேரங்களில் பட்டியல் முடிந்தது. மொத்தம் 386 புத்தகங்கள். அதில் 41 பைண்டிங். பதினொரு நாவல்கள் இரண்டிரண்டு பிரதிகள் இருந்தன. வாங்கியதை மறந்து மறுபடி வாங்கியவை!

இரண்டாவது வேலை: எதை ஸ்கேன் செய்வது?

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். ஒரு நாவலின் பக்கம் ஏறத்தாழ 5 அங்குல அகலம், 7 அங்குல உயரம். அதை 300 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் படம் எடுத்தால் 1500 பெருக்கல் 2100, அதாவது 31 லட்சத்து 50 ஆயிரம் புள்ளிகள். ஜேபெக் பைலாகச் சேமித்தால் சுமார் 1 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 200 பக்க நாவலுக்கு 200 எம்பி. 386 புத்தகத்திற்கு சுமார் 77 ஜிபி. ஒரு 128 ஜிபி பென் டிரைவிலேயே மொத்த நூலகமும் அடங்கிவிடும்!

இடம் சிக்கல் இல்லை. நேரம்தான் சிக்கல். வெட்டாமல், புத்தகத்தை விரித்து வைத்து மேலிருந்து செல்போனில் படம் எடுத்தால் ஒரு நாவலுக்கு 100 படம், குறைந்தது 25 நிமிடம். 386 புத்தகத்திற்கு 160 மணி நேரம். எனவே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய நினைக்காதீர்கள். கடையில் மறுபதிப்பாகக் கிடைப்பதை விட்டுவிடுங்கள். ரமணிசந்திரனின் நாவல்களை அருணோதயம் பதிப்பகம் தொடர்ந்து வெளியிட்டு வந்திருக்கிறது. அவற்றை ஸ்கேன் செய்ய நேரம் செலவிடுவது வீண். நாங்கள் மீதி இருந்த 40 பைண்டிங் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். புத்தகத்தை முழுதாக 180 டிகிரி விரித்து அழுத்தாதீர்கள், தையல் விட்டுவிடும். இருபுறமும் தலையணை வைத்து வி வடிவில் தாங்கிக்கொண்டு, இடப்பக்கங்களை ஒரு சுற்று, வலப்பக்கங்களை ஒரு சுற்று எடுங்கள். நேரம் இரட்டிப்பாகும். ஆனால் உள் ஓரம் தெளிவாக விழும். எனக்கு உள் ஓரம்தான் முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

படத்தை எழுத்தாக மாற்றலாமா?

மாற்றலாம். இதற்கு ஓசிஆர் என்று பெயர். பக்கத்தின் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித் என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுத்தால், படமும் அதன் கீழே எழுத்தும் வரும். தெளிவான அச்சு என்றால் தமிழிலும் நன்றாகவே வருகிறது.

ஆனால் பழைய புத்தகங்களில் ஒரு தடை உண்டு. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சான புத்தகங்களில் லை, னை, ணை போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடு இருக்கும். றா, னா, ணா எழுத்துகளும் வேறு வடிவத்தில் இருக்கும். ஓசிஆர் இவற்றில் தடுமாறுகிறது. அத்தையோ தடுமாறாமல் வாசிக்கிறார். எனவே அந்தப் பக்கங்களை அவர் வாசிக்க, வாய்ஸ் டைப்பிங் எழுத, நான் சரிபார்த்தேன். கம்ப்யூட்டரால் முடியாததை வீட்டுப் பெரியவர்கள் செய்வார்கள். கேட்டுப் பாருங்கள்!

காதல் கதைகள் இப்போது எங்கே வருகின்றன?

அத்தையின் அலமாரியில் ஒரு காலகட்டத்திற்குப் பிறகு புத்தகங்கள் சேரவில்லை. ராணிமுத்து, மாலைமதி, கண்மணி என்று பேருந்து நிலையக் கடையில் தொங்கிய மாத நாவல்கள் குறைந்தன. வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் போனால் நாவல் வாங்கும் பழக்கம் நின்றது. வாடகை நூலகங்களும் ஒவ்வொன்றாக மூடின. படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

என் அலுவலகத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா அந்த எண்ணத்தை மாற்றினார். அவர் இரவில் தொடர்கதை எழுதுகிறார். பகலில் என்னுடைய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பவர், இரவில் கதாநாயகனின் பிழைகளைக் கண்டுபிடிக்கிறார்! வாரம் இரண்டு அத்தியாயம் இணையதளத்தில் போடுவார். அடுத்த அரை மணியில் நூறு பேர் கருத்து எழுதிவிடுவார்களாம். "அவள் ஏன் வேலையை விட வேண்டும்?" என்று வாசகிகள் சண்டை போட்டதால், கதாநாயகி வேலையை விடுவதாக யோசித்திருந்த முடிவையே மாற்றிவிட்டாராம். கதை முடிந்ததும் பதிப்பகம் புத்தகமாகப் போடும். பிறகு கிண்டிலிலும் வரும். அந்தக் காலத்தில் பத்திரிகை ஆசிரியர் தேர்ந்தெடுத்தார், பிறகு வாசகர் படித்தார். இப்போது வாசகர் படித்த பிறகுதான் பதிப்பகம் தேர்ந்தெடுக்கிறது.

இந்த மாற்றத்தின் முக்கிய ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபி, தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் யாரும் எழுதி வெளியிடும் தளமாக வளர்ந்தது. 2016 டிசம்பரில் அமேசான் தன் கிண்டிலில் தமிழ் உள்பட ஐந்து இந்திய மொழிகளைச் சேர்த்தது. அதன் பிறகு பதிப்பகத்தின் கதவைத் தட்டாமலேயே ஒருவர் தன் நாவலை விற்பனைக்கு வைக்க முடிந்தது. கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா முறையில், வாசகர் எத்தனை பக்கம் படித்தார் என்பதை வைத்து எழுத்தாளருக்குப் பணம் வருகிறது. எனவே கதைகள் நீளமாயின. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடிய ஆரம்பித்தது. இதைப் பற்றி அத்தையின் கருத்து: "அந்தக் காலத்துத் தொடர்கதையும் இப்படித்தான் முடியும். என்ன, அப்போ ஒரு வாரம் காத்திருக்கணும்."

உலக அளவிலும் இதே கதைதான். 1908-ல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன், 1971-ல் கனடாவின் ஹார்லெக்வின் கைக்குப் போனது. 2014-ல் அந்த ஹார்லெக்வினையே ஹார்ப்பர் காலின்ஸ் குழுமம் வாங்கியது. நம் காதல் நாவல்களையும் வெளியே திரும்பிப் பார்த்தார்கள். 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வெகுஜனக் கதைகளின் தொகுப்பில் ரமணிசந்திரனுக்கும் இடம் கிடைத்தது. தலையணைக்கு அடியில் ஒளிந்திருந்த கதை, ஆங்கிலப் புத்தகக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றது.

டெஸ்டிங் அக்காவுக்கு ஒரு வருத்தம் உண்டு. புத்தகம் வெளியான இரண்டாம் நாள், அதன் பிடிஎப் செல்போன் குழுக்களில் இலவசமாகச் சுற்றியது. "நல்லா இருக்குன்னு பாராட்டி எனக்கே பார்வர்ட் பண்ணாங்க தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு நான்கு மாதம் அவர் எழுதவில்லை.

எது குற்றம், எது குற்றமில்லை?

ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்ட எவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. உங்கள் சொந்தப் புத்தகத்தை உங்கள் சொந்த உபயோகத்திற்குப் படம் எடுத்து வைத்துக்கொள்வது வேறு. அதை இண்டர்நெட்டில் ஏற்றுவதும் குழுவில் அனுப்புவதும் வேறு. பின்னது அந்த எழுத்தாளரின் வருமானத்தில் கை வைப்பது. நான் அத்தைக்காக எடுத்த பிடிஎப்கள் எதுவும் அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

60 ஆண்டு கடந்தவை எல்லோருக்கும் பொது. கோதைநாயகி அம்மாள் 1960-ல் காலமானார். 2020-ஆம் ஆண்டோடு அந்தக் காலக்கெடு முடிந்தது. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களையும் யாரும் வெளியிடலாம். அப்படிப்பட்ட பழைய நூல்களைச் சட்டப்படி இலவசமாகப் படிக்க, 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உள்ளன. புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் புக்மார்க் செய்ய வேண்டிய இடங்கள் இவை.

கிண்டில் புத்தகம் உங்கள் புத்தகமா?

இந்தக் கேள்வியையும் அத்தைதான் கேட்டார். "பணம் கொடுத்து வாங்கினா அது என்னோடதுதானே? எதிர் வீட்டுப் பொண்ணுக்குக் கொடுக்கலாமா?" முடியாது என்றேன். மின் புத்தகத்தில் நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதிதான். 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்ற பதிப்பு என்று ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் நீக்கியது. பெரிய எதிர்ப்பு எழுந்து மன்னிப்பும் கேட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தை கம்ப்யூட்டரில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் நிறுத்தியது.

அதற்காக மின் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அத்தைக்குக் கண் மங்க ஆரம்பித்திருக்கிறது. லேப்டாப்பில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வசதி அவருக்குப் பெரிய வரம். ஆனால் திரும்பத் திரும்பப் படிக்க விரும்புவதைக் காகிதத்தில் வாங்குகிறார், புதிதாக வருவதைத் திரையில் படிக்கிறார். இந்தப் பிரிவினை எனக்கும் சரியாகப் படுகிறது.

முடிவில் என்ன ஆயிற்று?

386-ல் 41 பைண்டிங் புத்தகங்களும் 95 நாவல்களும் கூடத்து அலமாரியில் நிற்கின்றன. 150 நாவல்களை காஞ்சிபுரத்தில் இன்னும் மூடாமல் இருக்கும் ஒரு வாடகை நூலகக்காரர் எடுத்துக்கொண்டார். மீதி 100 உறவினர்களுக்கும் தறிக்காரப் பெண்களுக்கும் போயின. யாருக்கு எது போயிற்று என்று எக்ஸெல்லில் ஒரு நெடுவரிசை இருக்கிறது. கல்யாணத்திற்கு வந்தவர்கள் அலமாரி முன் நின்று, "இதை நான் படிச்சிருக்கேன்" என்று பேச ஆரம்பித்ததில் டிசைனருக்கும் மகிழ்ச்சிதான்.

நான் வெட்டிய புத்தகமும் அதே அலமாரியில் இருக்கிறது. தாள்களை அடுக்கி, துளையிட்டு, அத்தையே பட்டு நூலால் தைத்தார்.

40 புத்தகங்களின் உள் ஓரக் குறிப்புகளை இப்போது ஒரு தனி ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தேதி, முழம் என்று இரண்டே நெடுவரிசை. தறியில் ஜக்கார்ட் அட்டையில் துளை போட்டு டிசைனைச் சேமிப்பார்கள். 1804-ல் பிரான்சில் வந்த அந்த அட்டைதான் பிற்காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுத்த துளை அட்டைக்கு முன்னோடி. இதை அத்தையிடம் சொன்னேன். "அப்போ நான்தான் உனக்கு சீனியர்" என்றார்.

நினைவில் கொள்ளுங்கள்

* முதலில் பட்டியல், பிறகு ஸ்கேன். பட்டியல் இல்லாமல் எந்தப் புத்தகத்தையும் வெளியே அனுப்பாதீர்கள்.

* ஓரக் குறிப்பு, கையெழுத்து, ஓவியம் உள்ள புத்தகத்தை வெட்டவே வேண்டாம்.

* பைலுக்கு ஒழுங்கான பெயர் கொடுங்கள். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்ற வரிசை நல்லது. படம் 1, படம் 2 என்று விட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது.

* ஒரே இடத்தில் சேமிக்காதீர்கள். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இண்டர்நெட் சேமிப்பில் ஒன்று. கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசம்.

* கிழிந்த பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தை மறைத்துவிடும்.

* ஏரிக்கரை ஊர்களில் மழைக்காலத்து ஈரம் புத்தகத்திற்கு எமன். அலமாரியைச் சுவரிலிருந்து சிறிது தள்ளி வையுங்கள். வசம்பு போட்டு வையுங்கள். வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம்.

* ஸ்கேன் செய்ய உட்காரும்போது அந்தப் புத்தகத்தின் சொந்தக்காரரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்திருக்க வேண்டும்.